கூரையில் ஒரு கூட்டல் குறி

தவறாகப் போட்ட கணக்கு அழகாக இருந்தால், அதைத் திருத்துவது நியாயமா? எனக்குத் தெரியாது. விடை தெரியாத கேள்வியோடுதான் இந்த மேடையில் நிற்கிறேன், அவைக்கும் இந்த நூலகத்துக்கும் தலைவியான லுட்மிலா அம்மையார் அவர்களே! பகலில் பல்லையும் மாலையில் நம் நிரலையும் பழுதுபார்க்கும் மருத்துவர் கோர்னெல் அவர்களே! நிலக்கரிச் சுரங்கத்தில் நெடுங்காலம் நின்று உழைத்த பெரியோர்களே! அடுப்புக்கும் அலுவலுக்கும் நடுவே முப்பரிமாண ஃபிராக்டல் படைக்கும் தாய்மார்களே! ஸாப்ஜெ நகரத்து நண்பர்களே! வணக்கம்.

ஃபிராக்டல் என்பது என்ன? ஒரு சிறு சூத்திரம். கணினி அதைக் கோடி முறை திரும்பத் திரும்பப் போடுகிறது. குகைக்குள் குகையாக ஓர் உலகம் விரிகிறது. நாம் அந்தப் படத்தைச் சேமித்து வைப்பதில்லை. அதைப் பிறப்பிக்கும் எண்களை மட்டும் வைத்துக்கொள்கிறோம். பத்து வரி எண் போதும், படம் எப்போதும் பிறக்கும் என்று நம்புகிறோம். எவ்வளவு பெரிய நம்பிக்கை! எவ்வளவு பெரிய ஏமாளித்தனம்!

சென்ற அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மாலை நான்கு மணி. இதே அரங்கு. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எர்வின் குச்செரா மடிக்கணினியோடு என் முன்னால் வந்து நின்றார்.

"புரொபசரம்மா, என் சுரங்கத்தை எங்க கொண்டு போய் வெச்சீங்க?"

"எந்தச் சுரங்கம்?"

"போன வாரம் வரைக்கும் தூண் தூணா, கூடம் கூடமா இருந்துச்சு. இப்பப் பாருங்க, முட்டைக்கோஸ் மாதிரி ஒரு உருண்டை!"

"சூப் வெச்சிரு எர்வின்!" என்றது பின்வரிசை.

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த வாரம், இந்தப் படங்களை வரையும் நம் கட்டற்ற மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருந்தது. சூத்திரங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஒரு சூத்திரத்தில் கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இருந்தது. மாற்றினேன், மகிழ்ந்தேன். எர்வினின் சுரங்கம் முழுவதும் அந்த ஒரு கூட்டல் குறியில்தான் நின்றுகொண்டிருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"என் வீட்டுக்காரி ஹில்டாவுக்கு ஆஸ்பத்திரியில வாரத்துல மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்றாங்க. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மல்லாந்து கெடந்து அந்த வெள்ளைக் கூரையத்தான் பாக்குறா. கூரைப் பலகை இந்த வாரம் மாத்துறாங்க, என் சுரங்கப் படத்தை அதுல அச்சடிச்சு மாட்டுறோம்னு சொல்லியிருக்காங்க. நாளைக்கு மதியம் பன்னெண்டு மணிக்குள்ள படம் அச்சகத்துல இருக்கணும். இதை விட்டா வேற வாய்ப்பு இல்ல" என்றார் எர்வின்.

"பழைய பதிப்புலயே எடுங்களேன்" என்றார் கோர்னெல்.

"அதுல கூரை அளவுக்குப் பெருசா வராதே டாக்டர்! புதுசுலதான் வரும். அதுவும் பதினாறு மணி நேரம் ஓடணும்."

கையில் இருந்தது இருபது மணி நேரம். அத்தனை கண்களும் என்னைப் பார்த்தன. நான் சரி என்று சொல்லாமல் எந்தச் சூத்திரமும் பதிப்பில் ஏறாது. நாமே வைத்துக்கொண்ட வழக்கம் அது.

"தப்புன்னு தெரிஞ்ச பிறகு எப்படிங்க உள்ள விடறது?" என்றேன்.

கோர்னெல் குரலைத் தாழ்த்தினார். "இவருக்கு மட்டும் பழைய குறியோட தனியா ஒண்ணு செஞ்சு குடுத்துடறேன். வெளிய தெரிய வேண்டாம்."

நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். நீங்கள்? எர்வின் வாங்கவில்லை!

"வேண்டாம் டாக்டர். எனக்கு இதைக் கத்துக்குடுத்தவன் எவனோ ஒரு பிரேசில்காரன். மூஞ்சி கூடத் தெரியாது. தன்னோட எண்ணெல்லாம் பொதுவுல போட்டான், நான் எடுத்துக்கிட்டேன். இப்ப என்னோடத மட்டும் பூட்டி வெச்சுக்கவா?"

மணி ஐந்தேகால். எர்வின் என் பக்கம் திரும்பினார்.

"பூமிக்கு அடியில தப்பா வெட்டின பாதையும் உண்டு புரொபசரம்மா. அதை வரைபடத்துலேர்ந்து அழிக்க மாட்டோம். அழிச்சா, பின்னால வர்றவன் செத்தான். 'தப்பா வெட்டினது'ன்னு எழுதி, அப்படியே விட்டு வெப்போம்."

நண்பர்களே, இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிக்கிறேன். பிழையை அழிக்கத்தான் எனக்குத் தெரியும். பிழைக்குப் பெயர் எழுதி வைக்க எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

"கோர்னெல், பழைய சூத்திரத்தையும் பட்டியல்ல சேர்த்துடுங்க. என்னோடதுக்குப் பக்கத்துலயே" என்றேன். அதன் கீழே நானே ஒரு வரி எழுதினேன்: 'கணக்கில் பிழை உள்ளது. தெரிந்தே வைத்திருக்கிறோம்.'

கோர்னெல் நிரலைத் தொகுத்தார், தோற்றது. மறுபடி தொகுத்தார், மறுபடி தோற்றது. மணி ஏழு. எட்டைத் தாண்டினால் எல்லாம் வீண். எர்வின் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தார். ஏழு இருபதுக்குத் திரையின் மூலையில் முதல் தூண் எழுந்தது.

கட்டற்றது என்றால் என்ன? காசில்லாமல் கிடைப்பதா? யாரும் எடுக்கலாம் என்பதா? இல்லை! நான் சரி என்று நிற்கும்போதும், என்னை மறுப்பவருக்கு என் பக்கத்திலேயே இடம் இருப்பது. இரண்டையும் திறந்து வைப்பது. எடுக்கிறவர் எடுக்கட்டும் என்று விலகி நிற்பது. அதுதான் கட்டற்றது!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. "நாலு மணி நேரமும் தூங்க விடாம அந்தக் கூரை என்னை இழுக்குது" என்று என்னிடமே புகார் சொன்ன ஹில்டா அம்மாவுக்கும் நன்றி. அனைவருக்கும் வணக்கம் கூறி, மறுநாள் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்குப் படம் முடிந்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அச்சகம் சேர்ந்தது. மாலைக்குள் நம் வலைத்தளத்தில் பிழைச் சூத்திரத்தில் செய்த படங்கள் முப்பத்தொன்று வந்திருந்தன. என் திருத்தத்தில் செய்த படம் ஒன்றே ஒன்று. செய்தவர் எர்வின் குச்செரா. அவர் வைத்திருந்த தலைப்பு: 'புரொபசரம்மாவின் முட்டைக்கோஸ்.'