கம்பிக்குக் கீழே

— சிரிக்காதீங்க ஓஸ்வால்ட் அங்கிள். நான் அழாத குறையா கேக்கறேன், நீங்க சிரிச்சுகினு இருக்கீங்க.

— சிரிக்கலை நோரா, ஆண்டவர் சாட்சி. என் மூஞ்சியே அப்படி. என் சம்சாரத்தை அடக்கம் பண்ணின அன்னிக்கே ஃபாதர் என்னைக் கொஞ்சம் பின்னாடி போய் நிக்கச் சொன்னார். இப்ப மெதுவா சொல்லு பொண்ணே. நான் என்ன பண்ணிட்டேன்?

— காலையில ஜட்கா வண்டியில நின்னுகினு மெகாபோன்ல இன்னா சொன்னீங்க?

— தினமும் சொல்றதுதான். அல்சூர் ஏரிக்கரையில கோடை விழா. நாகஸ்வரக்காரர் ஊதற ஊதுல ஏரி எதிர்க்கரையில விளக்கு அணைஞ்சிடும். டான்ஸ் ஆடற பொண்ணு சுத்தற சுத்துல பந்தல் தகரம் பறந்து மல்லேஸ்வரத்துல விழும். நாடகத்துல வில்லனைப் பார்த்து முதல் வரிசையில ஒரு அம்மாவுக்குக் குழந்தையே பொறந்துடுச்சு, பேருகூட வெச்சாச்சு.

— சர்க்கஸைப் பத்தி?

— உங்க சிங்கம் ஆப்பிரிக்காவுல ஒரு கிராமத்தையே தின்னுட்டு வந்ததுன்னு சொன்னேன்.

— அதுக்குப் பல்லே இல்லை அங்கிள். கஞ்சிதான் குடிக்குது.

— கிராமத்தைத் தின்னா பல்லு தேயாதா மேன்? முப்பது வருஷம் தந்தி ஆபீஸ்ல இருந்தவன் நான். கல்யாணம்னாலும் சாவுன்னாலும் பத்து வார்த்தைக்கு வெட்டி வெட்டியே அனுப்பினேன். வெட்டினதெல்லாம் உள்ளே கெடந்து அரிக்குது. ரிட்டையர் ஆனப்புறம் அதைத்தான் ஊருக்குத் திருப்பிக் குடுத்துகிட்டு இருக்கேன்.

— என்னைப் பத்தி இன்னா சொன்னீங்க, அதைச் சொல்லுங்க.

— அதுவா. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தனும் திரும்பிப் பார்க்கலை பொண்ணே. கோழி பேரம் பேசறவன் கோழியைப் பார்க்கறான், பஸ்ஸுக்கு ஓடறவன் பஸ்ஸைப் பார்க்கறான். சிங்கத்துக்கு மசியலை, யானைக்கு மசியலை. அப்ப நாக்கு தானா ஓடிடுச்சு. 'மிஸ் நோரா, மேகத்துக்குப் பக்கத்துல, ஒத்தைக் கம்பி மேல, இன்று மட்டும் வலையில்லாமல்'னு. அவ்வளவுதான், கோழிகூடத் திரும்பிப் பார்த்துச்சு.

— வந்துட்டாங்க அங்கிள். எல்லாரும் வந்துட்டாங்க. அந்தப் படுதாவைத் தூக்கிப் பாருங்க, வரிசை கோயில் வரைக்கும் போவுது.

— நல்லதுதானே?

— மேனேஜர் அண்ணன் வலையைப் பெட்டியை விட்டே எடுக்கலை. 'இன்னிக்கு அது இல்லாமலே நட கண்ணு'ன்றார்.

— பெருமாள்சாமியா? நான் விளையாட்டுக்குச் சொன்னதை அந்த ஆள் எப்படி மேன் நிஜமா எடுத்துக்கலாம்?

— ஜனங்க எடுத்துகினாங்க இல்ல. போன வாரம் நாடகத்துல ராஜா வேஷக்காரரை மாத்தினதுக்கே நாற்காலியை உடைச்சாங்க. இன்னிக்கு வலையைக் கட்டினா கூடாரத்தையே கொளுத்திடுவாங்கன்றார். இன்னும் கொஞ்ச நேரத்துல மணி அடிச்சுடுவாங்க, அங்கிள்.

— சரி, பதறாதே. ஒரு சந்தேகம், தப்பா நினைக்காதே. நீ எத்தனை தடவை விழுந்திருக்கே?

— ஒரு தடவைகூட இல்லை. ரெண்டு வருஷமா நூலேணியில ஏறி, நடந்து, நூலேணியிலயே எறங்கறேன். பழகினதெல்லாம் இடுப்பு உயரக் கம்பியில. அந்த வலையை நான் தொட்டதுகூடக் கிடையாது.

— அப்புறம் எதுக்கு அது?

— அது இருக்கறதாலதான் விழலை. மேல போய் நின்னதும் ஒரே ஒரு தடவை கீழ பார்ப்பேன். கறுப்பா விரிஞ்சு தெரியும். சரி, அது இருக்குதுன்னு தோணும். அதுக்கப்புறம் கீழ பார்க்க மாட்டேன், கால் தன்னால போவும். மத்தியானம் வலையில்லாம ஏறி நின்னு பார்த்தேன் அங்கிள். தரையில மரத்தூள்தான் தெரிஞ்சுது. கம்பியில ஒரு அடிகூட வைக்க முடியலை. ஏணியைக் கட்டிப் புடிச்சுகினு எறங்கிட்டேன்.

— இதை அந்த ஆள்கிட்ட சொன்னியா?

— சொன்னேன். முடியலைன்னா பரவாயில்லை, பிரிஜெட்டை ஏத்தறேன்றார்.

— பிரிஜெட்டா? உன் தங்கச்சியா? அவ பச்சைக் குழந்தை மேன்.

— பதினாலு. அவளுக்குப் பயமே தெரியாது. இப்பவே ஜிகினா சட்டையை மாட்டிகினு குதிச்சுகினு இருக்கா. தங்கவயல்ல அம்மாவுக்கு நாங்க ரெண்டு பேர்தான். வலை கட்டினாத்தான் ஏறுவோம்னு மாதா படத்து மேல கை வெச்சு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு வந்தேன்.

— ஐயோ பொண்ணே. சரி, இரு. மைக்ல நான் போய்ச் சொல்றேன். 'பெரியோர்களே, காலையில நான் சொன்னது பொய், வலை உண்டு.'

— யார் நம்புவாங்க? நீங்க நிஜம் சொல்றீங்கன்னு யாருக்குத் தெரியும்? அதுவும் ஒரு வேடிக்கைன்னு கை தட்டுவாங்க.

— அது வாஸ்தவம். என் பேச்சை என் வீட்டு நாயே நம்பறதில்லை. யோசிக்க விடு. அவங்களுக்கு என்ன வேணும்? யாராவது ஒருத்தர் சாகற மாதிரி இருக்கணும். அது நீயாத்தான் இருக்கணும்னு இல்லையே?

— இன்னா சொல்றீங்க?

— நான் ஏறறேன். நூலேணியில மேல போய், கோட்டு சூட்டோட, மெகாபோனோட, அங்கேர்ந்து வலையில குதிக்கறேன். 'தந்தி ஆபீஸ் கிழவர் வானத்திலிருந்து விழுகிறார்.' கிழவன் குதிக்கணும்னா கீழ வலை வேணும்தானே? ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான். நான் எழுந்து கும்பிடு போட்டதும் அதே வலைக்கு மேல நீ நடந்துட்டுப் போயிடு.

— உங்களுக்கு மூட்டு வலி அங்கிள். ஜட்காவுல ஏறவே ரெண்டு பேர் தூக்கி விடறாங்க.

— ஏறத்தான் கஷ்டம். விழறதுக்கு மூட்டு எதுக்கு? அதோ வர்றார் பார் உங்க மேனேஜர். பெருமாள்சாமி, இங்கே வாங்க மேன்.

— ஏனுங்க ஓஸ்வால்ட் சார், உங்களாலதானுங்க இன்னிக்கு நிக்க எடமில்லீங்க. வாயா அதுங்க? சர்க்கரை மூட்டைங்க. அம்மிணி, நீ இன்னும் பவுடர் போடலியா?

— அந்தச் சர்க்கரை மூட்டைதான் இப்ப பேசுது. வலையை எடுத்துக் கட்டுங்க. முதல் ஐட்டம் நான். மேலேர்ந்து குதிக்கப் போறேன்.

— நல்லாத்தான் தமாஷ் பண்றீங்க.

— தமாஷ் இல்லை மேன். வாழ்க்கையில முதல் தடவையா தமாஷ் இல்லாம பேசறேன். எனக்கே ஒரு மாதிரி இருக்கு.

— வேண்டாமுங்க சார். வயசான காலத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போகும். விழா நடத்தற சங்கத்துக்காரங்களுக்கு நான் பதில் சொல்லோணும்.

— ஒண்ணும் ஆகாது. நான் எலும்பும் தோலும். நனைஞ்ச கோட்டோட நிறுத்தாலும் ஒரு ஆட்டுக்குட்டி எடை வர மாட்டேன். தொண்டை கிழிய ஆள் சேர்த்துக் குடுத்தேனே, அதுக்கு இது ஒண்ணு செய்யுங்க.

— அண்ணே, அங்கிள் பயப்படுவார்னா முதல்ல நான் குதிச்சுக் காட்டறேன். ரெண்டு வருஷமா அதுல விழுந்து பார்க்கணும்னு எனக்கும் ஆசைதான். அப்புறம் அவர் குதிக்கட்டும். ஜனங்க இன்னும் சிரிப்பாங்க. நீங்க வலையை மட்டும் கட்டுங்க, பிரிஜெட்டை விட்டுடுங்க.

— நீயும் குதிக்கப்படாது, அவரும் குதிக்கப்படாது.

— ஏன் மேன்?

— வேண்டாம்னா வேண்டாமுங்க. நேரமாச்சு.

— கட்டுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகுது? தினமும் நீங்களேதானே கூட நின்னு கட்டறீங்க. வேற யாரையும் கிட்டகூட விடறதில்லை. ஏன் இப்படி வேர்த்து ஊத்துது உங்களுக்கு?

— சார், கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க, சொல்றேன்.

— அங்கே வேண்டாம் அண்ணே. என் எதிர்லயே சொல்லுங்க.

— அம்மிணி, நீ போய் பவுடர் போடு கண்ணு.

— நான் போகலை. ஏன் குதிக்கக் கூடாது?

— தாங்காது.

— அங்கிள் இவ்வளவு ஒல்லி. அவரைத் தாங்காதா?

— ஆரையும் தாங்காது அம்மிணி. கயிறு உள்ளுக்குள்ளயே உளுத்துப் போச்சு. ஒரு பூசணிக்காயைப் போட்டாக்கூட நேரா தரைக்குப் போயிரும். மேல தார் பூசி வெச்சிருக்கறதால கறுப்பா பளபளன்னு தெரியுது, அவ்வளவுதான். நீ மேல நின்னு ஒருக்கா கீழ பாப்பியல்லோ, அதுக்குத்தான் கட்டறது.

— எப்போலேர்ந்து அண்ணே?

— நீ வந்த மொத நாள்லேர்ந்து, கண்ணு.