அஞ்சே முக்காலுக்கு நின்ன மைக்

கை தட்டினது போதும் சாரே, உக்காரும். டைரக்டர் முகம் கழுவப் போயிருக்காரு. பத்து நிமிஷத்துல டிஸ்கஷன் உண்டு. அதுக்குள்ள ஒண்ணு சொல்லும்... இந்தப் படத்துல என்னத்தப் பாத்துக் கை தட்டினீரு?

விறுவிறுப்பு. ம். எல்லாரும் அதையேதான் சொல்லுதாங்க.

என் பேரு தங்கப்பன். பழவங்காடியில மைக் செட்டுக் கடை. முப்பத்தெட்டு வருஷம். இந்த ஊருல எந்தக் கட்சி சத்தம் போட்டாலும் அந்தச் சத்தம் என் கடையிலேருந்து போனதாக்கும். அதனால எவன் அரசியல் டாக்குமென்டரி எடுத்தாலும் வந்து உக்காந்துருவேன். தலைவர்களைப் பாக்கியதுக்கில்ல. என் ஸ்பீக்கரைப் பாக்கியதுக்கு.

காலையில இதே ஹால்ல ஒரு படம். மலையில ஏதோ தேயிலைத் தோட்டம். அந்தப் பொம்பளைங்க கொழுந்து கிள்ளுதாங்க, கஞ்சி வைக்காங்க, கூலி வரல்லன்னு சொல்லுதாங்க. அத்தனையும் நெசம். பாக்க பதினோரு பேரு. அதுல நாலு பேரு உறக்கம்.

இதுக்குப் பாரும், படியிலகூட ஆளு உக்காந்திருக்கு. ஏன்? இதுல ஒரு துரோகி உண்டு. நெசம் மட்டும் இருந்தா ஆளு வராது சாரே, சந்தேகம் வேணும். பின்னே படத்துல கதை சொல்லுத அந்தக் கனத்த குரல் வேணும். அந்தக் குரல்ல என் கரண்ட் பில்லை வாசிச்சாலும் நாடு கவுந்துரும்னு தோணும்.

தொண்ணூத்தெட்டுல செக்ரட்டேரியட் முன்னால போராட்டப் பந்தல். தலைவர் பேசுதாரு. 'பணம் வாங்கின மந்திரி பேரை இதோ சொல்லப்போறேன்'ங்காரு. மைக் நின்னுபோச்சு. இதை ஒன்பது தடவை காட்டிட்டான். எண்ணினேன். உதட்டைப் பாத்துப் பேரைக் கண்டுபிடிக்க ஒரு நிபுணர் வேற... அவரு மூணு பேரைச் சொல்லுதாரு.

நான் அங்க இருந்தவன். தலைவர் மூணு வாரமா தினமும் அதைத்தான் சொன்னாரு. இதோ சொல்லுவேன், இதோ சொல்லுவேன். பேரு வரல்ல. மைக் நின்னதும் துண்டால முகத்தைத் துடைச்சாரு, பாத்தீரா? 'துரோகத்தின் வலி'ங்குது குரல். வலியாவது மண்ணாவது. ஆளு தப்பிச்சாரு.

அது போவட்டும். ஒருத்தன் முகத்தைச் சுத்திச் சிவப்பு வட்டம் போட்டான்லா? ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கிட்டேருந்து மெள்ள நடந்து போறான், பின்னால வயலின் அழுவுது. மறுகட்சி விலைக்கு வாங்கின ஆளாம். அது நேசமணி. என் ஆப்பரேட்டர். இருபது வருஷம் என்கூட நின்னவன். டீ குடிக்கப் போனான் சாரே. ஸ்லோமோஷன்ல விட்டா எவனும் கள்ளனாத்தான் தெரிவான்.

ஆறு மாசம் முன்னால இந்தப் படம் வெளியான பொறவு அவனை எவனும் மைக் பக்கத்துல அண்ட விடல்ல. அவன் போற சர்ச்சு கன்வென்ஷனுக்கே மைக் பாக்க வேற ஆளை வச்சாச்சு.

...பின்னே யாரு செஞ்சதுன்னா? அதானே. உமக்கும் வட்டம் போட ஒரு முகம் வேணும்.

கேளும். அண்ணைக்கு ஆறு மணிக்குப் புத்தரிக்கண்டம் மைதானத்துல மறுகட்சிக் கூட்டம். அதுக்கும் மைக் செட்டு நான்தான். நல்ல பெட்டி ஒண்ணுதான் இருந்துது, மத்தது ரிப்பேர். தலைவர் அஞ்சு மணிக்கு முடிப்பேன்னாரு. அஞ்சே முக்காலாச்சு. எனக்குப் பொறுமை கெடையாது.

நேசமணி இருந்தா விடமாட்டான். எவனா இருந்தாலும் பேசிட்டிருக்கியவன் வாயைப் பொத்தப்பிடாதும்பான். அதனால, 'போய் டீ குடிச்சிட்டு வாடே'ன்னேன். போனான். நான் வயரைப் பிடுங்கினேன். எல்லாரும் மேடையைப் பாத்துட்டு நிக்கப்ப, பின்பக்கமா பெட்டியை ஆட்டோவுல ஏத்தினேன்.

படத்துல ரெண்டு கூட்டமும் வருது. ரெண்டுலயும் அதே பெட்டி. மேல வெள்ளைப் பெயின்டுல 'தங்கம் சவுண்ட்ஸ்'. ஒருத்தனும் பாக்கல்ல. எல்லாரு கண்ணும் வட்டத்துல.

ஏன் சொல்லல்லன்னா... ரெண்டு கட்சியும் என் வாடிக்கை. வாயைத் தொறந்தா ரெண்டும் போவும். அப்படியே கெடந்துது. அஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தன் படம் எடுப்பான்னு எவன் கண்டான்?

நேசமணிக்குத் தெரியும். டீ குடிச்சிட்டு வந்து, பெட்டியைக் காணல்லன்னதுமே அறிஞ்சிட்டான். கட்சிக்காரன் வந்து அவன் சட்டையைப் பிடிச்சு உலுக்கினான், அப்பவும் அவன் என்னைக் காட்டிக் குடுக்கல்ல. நேத்து அவன் வீட்டுக்குப் போனேன். உக்கார கசேரை இழுத்துப் போட்டான், சாயா தந்தான். படத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல்ல. கேட்டிருந்தா நானும் டைரக்டரை ரெண்டு திட்டிட்டு நிம்மதியா வந்திருப்பேன்.

எங்க எழும்புதீரு? டைரக்டர்கிட்டயா? இரியும். நீரு சொன்னா இரண்டாம் பாகம் எடுப்பாரு. என்னை எந்த நாடு விலைக்கு வாங்கிச்சுன்னு அந்தக் குரல் கேக்கும். எவனும் வாங்கல்ல சாரே. ஒரு பெட்டியை வச்சு ரெண்டு கூட்டம் நடத்தப் பாத்த அவசரம். அம்புட்டுதான். இதை எவன் காசு குடுத்துப் பாப்பான்?

வந்துட்டாரு. இந்தாப்பா, அந்த மைக்கை இங்க தா. வரிசையா? அதெல்லாம் நம்மால ஆவாது. தா.

ஹலோ. கேள்வி ஒண்ணும் இல்ல. என் பேரு தங்கப்பன். நீங்க வட்டம் போட்ட ஆளு வயரைத் தொடல்ல. பிடுங்கினது நான். அவன் பேரு நேசமணி. படம் முழுக்க அவன் முகத்தைக் காட்டினீங்க, பேரை ஒரு இடத்துலகூடச் சொல்லல்ல. எழுதிக்கிடுங்க... நேசமணி.