பாதித் தூரச் சோதனை

இந்த அறை நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது, ஐயா. எங்கள் சோதனைக்கூடமும் இப்படித்தான் இருக்கும். குளிரில் எல்லாப் பெட்டியும் ஒழுங்காக வேலை செய்யும்.

நான் நெட்வொர்க் பெட்டிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன். பெட்டிக்குள் சிக்னல் ஓடுகிற வேகத்துக்கு, ஒரு முழம் தாண்டுவதற்குள் அது தேய்ந்துவிடும். அதனால் நடுவழியில் ரிப்பீட்டர் என்று ஒரு சிப் வைப்போம். தேய்ந்து வந்ததை வாங்கி, புதிதாக்கி, மீதித் தூரத்துக்கு அனுப்பும். பெட்டியைச் சூட்டில் வைத்து ஓட்டி, பிழைகளைக் கடைசி முனையில் எண்ண வேண்டும். அதற்கான கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. நான் ரிப்பீட்டரிலேயே எண்ணினேன். அங்கே எண்ணினால் அதுவரை வந்த தூரம் மட்டும்தான் தெரியும். பூஜ்யம் என்று காட்டியது. மேலாளர் வேறு தலைமேல் நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மனசு கேட்காமல் இரண்டு மாதம் கழித்து, மிச்சமிருந்த ஒரு பெட்டியை முறைப்படி சோதித்தேன். சூடு ஏறியதும் ரிப்பீட்டருக்கு அப்பால் சிக்னல் சிதறியது. பெட்டி ஆறு நிமிடம் செத்துக் கிடந்து, தானாக எழுந்தது. சொன்னால் வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெட்டிகளில் ஒன்று மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் இருந்தது. நோயாளிகளின் இதயத்துடிப்பை நர்ஸ் மேசைக்குக் கொண்டுபோவது அதுதான். என் மாமனாரை அந்த மாடியில்தான் சேர்த்தார்கள். அன்றே கெஞ்சிக் கூத்தாடி அவரை மூன்றாம் மாடிக்கு மாற்றினேன்.

"இங்க என்ன குறைச்சல்? காத்து நல்லா வருதே," என்றாள் மனைவி.

"சொன்னா கேளு," என்றேன்.

காலியான படுக்கை தங்கக்கையின் கணவருக்குக் கிடைத்தது. தங்கக்கை எங்களிடம் சால்டர் வைப்பவள், அதாவது ஈயத்தை உருக்கிச் சிப்புகளைப் பலகையில் ஒட்டுபவள். வேலை அவ்வளவு சுத்தம், அதனால் அந்தப் பெயர். மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க புண்ணியத்துல பெட் கெடச்சுதுண்ணா. ரெண்டு நாளா வராண்டாவுலயே கெடந்தாரு."

நாக்கு நுனி வரை வந்தது, ஐயா. "நல்லா பாத்துக்கம்மா," என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணி, கொளுத்துகிற வெயில். பெட்டி ஆறு நிமிடம் நின்றது. தங்கக்கை மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நர்ஸ் மேசையில் அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. அவள் மருந்தோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று அந்தப் பெட்டி என் மேசையில் பிரித்துக் கிடந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரிப்பீட்டரைச் சுற்றித் தான் வைத்த சால்டரை வெகுநேரம் பார்த்தாள். கண்ணீர் பலகையில் சொட்டியது.

"நான் வச்சதுலதான் கோளாறாண்ணா?"

அப்பழுக்கில்லாத சால்டர். அது எனக்குத் தெரியும்.

"தெரிஞ்சா செஞ்ச? மனசப் போட்டுக் கொழப்பிக்காத," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் சால்டர் கம்பியைத் தொடவே இல்லை. அவள் கணவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் குற்றத்தில் சேர்க்க வேண்டாம், ஐயா. அழுதுகொண்டு நின்றவளுக்கு யாராவது ஆறுதல் சொல்ல வேண்டாமா?