நாலு சென்டிமீட்டர்

பெங்களூரில் மர்பி டவுனிலிருந்து பீன்யாவில் இருக்கும் கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் நான் தாமதமாகப் போனதில்லை. பெயர் மதலைமுத்து. ஆன்டெனாக்களை அளப்பது என் வேலை.

மீன்பிடிப் படகுகளின் அவசர ரேடியோவுக்கு எங்கள் கம்பெனி புது ஆன்டெனா செய்தது. காற்றில் ஒடியாமலிருக்க, மெல்லிய கம்பிக்குப் பதில் என் மணிக்கட்டுப் பருமனில் குழாய். குழாய் தடித்தால் நீளத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பும் சக்தி திரும்பி வரும், ரேடியோ தன்னைக் காத்துக்கொள்ள அடங்கிவிடும். பெரிய உலோகத் தகட்டின் நடுவே நிறுத்தி, யாரையும் கிட்டே விடாமல், பதினோரு தடவை அளந்தேன். நாலு சென்டிமீட்டர் வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

டிசைன் ஹெட் வீணா மீட்டிங்கில் என் தாளை ஓரமாகத் தள்ளினார்.

"கம்ப்யூட்டர் வேற சொல்லுது, முத்து சார். நீங்க பக்கத்துல நின்னு அளந்திருப்பீங்க. உங்க தொப்பைதான் ரீடிங்ல வந்திருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அளக்கும்போது எங்கே நிற்பது என்று எனக்கா தெரியாது? மூன்று மெயில் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இதுவரை சொன்னதை ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். மீதியை யாரும் கேட்கவில்லை.

சரக்கு கிளம்புவதற்கு முந்தின மத்தியானம் வீணா தனியாக என் மேஜைக்கு வந்தார்.

"அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார், சாரி. கணக்குல மெல்லிசு கம்பின்னு போட்டுட்டேனோன்னு டவுட்டா இருக்கு. இன்னொரு தடவை அளந்து சொல்றீங்களா? நீங்க சொன்னா வெட்டிடறேன்."

அளந்தேன். அதே நாலு சென்டிமீட்டர்.

வெட்டியிருந்தால், தவறைக் கண்டுபிடித்தது வீணா என்றுதான் பேர் வந்திருக்கும். சரக்கு கடலுக்குப் போய், புகாராகத் திரும்பி வந்தால்தான் என் தாளைத் தேடுவார்கள்.

"உங்க கணக்குதான் மேடம் சரி" என்றேன். கையெழுத்தும் போட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஆடிக் காற்றில், எங்கள் ஆன்டெனா வைத்த ஒரு படகில் தண்ணீர் ஏறியது. ஆறு பேர். நாற்பது நிமிடம் ரேடியோவில் கூப்பிட்டார்களாம். கரையில் யாருக்கும் கேட்கவில்லை. இதைச் சொல்ல ஒருவர்தான் நீந்தி வந்தார். நான் எதிர்பார்த்தது ஒரு புகார், அவ்வளவுதான்.

நேற்று விசாரணையில் வீணா, நாலு சென்டிமீட்டர் அதிகம் என்பதை விபத்துக்குப் பிறகு தானே கண்டுபிடித்ததாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் இங்கே வாக்குமூலம் கொடுக்க வந்தேன். முதலில் அளந்தவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், சார்.