படித்துறையில் இரண்டு மஞ்சள்

ஆற்றுக்குக் குளிக்கப் போகிற பெண்கள் மஞ்சளைப் படிக்கல்லில்தான் உரசுவார்கள். ஒருத்தி ஒரு கல்லில்தான் உரசுவாள். நடுவில் இடம் மாற்றமாட்டாள். ஆண்கள் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நீங்கள் பெண் என்பதால் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், மேடம்.

என் பெயர் ஞானம்பாள். வயது ஐம்பத்து மூன்று. நான்கு வருஷமாகக் கைபேசியில் ஒரு மாயக்கதைத் தொடர் எழுதிவருகிறேன். 'நீலப்படி நாடு' என்று பெயர். பேசும் நாகங்கள், மந்திர ஓடங்கள் எல்லாம் அதில் உண்டு. தொடக்கம் எளிமையானது. ஓர் அரசி தனியாக ஆற்றுக்குப் போய் மூழ்கி இறந்துவிடுகிறாள். அவளுடைய மூன்று வயது மகள் அந்நேரம் அரண்மனையில், செவிலியின் மடியில் இருக்கிறாள். அரசியைக் கொன்றவள் முகமிலி என்ற சூனியக்காரி. அவள் யாரென்று நான்கு பாகமாக நாடே தேடுகிறது. தாயில்லாத இளவரசியைச் செவிலி வளர்க்கிறாள். வாசகர்களுக்கு அவளைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

போன மாதம் என் மகள் சுகிர்தா வாசகர் குழுவில் ஓர் ஊகத்தை எழுதினாள். பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிறாள். மத்தியான இடைவேளையில் விளையாட்டாக எழுதியதுதான். முகமிலியும் செவிலியும் ஒருத்தியே என்றாள். முதல் பாகத்தில் காவலர்கள் வந்து பார்க்கும்போது படித்துறையில் இரண்டு கல்லில் மஞ்சள் ஈரமாக இருக்கிறது. அரசி தனியாகத்தான் போனாள் என்றால் இரண்டாவது மஞ்சள் யாருடையது என்று கேட்டிருந்தாள்.

அப்படி ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை. எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

மூன்று நாள் குழுவில் அதே பேச்சு. புன்னக்காயலிலிருந்து டார்லின் என்ற பெண், "செவிலிய ஒண்ணும் சொல்லாதீங்க, அவ எங்கம்மா மாதிரி" என்று எழுதினாள். அதற்குச் சுகிர்தா, "அம்மா மாதிரி இருந்தா கொல்ல மாட்டாளாக்கும்?" என்று பதில் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வியை வீட்டுக்குள் உட்காரவைத்துக்கொண்டு சமைக்கவும் தூங்கவும் இந்த வயதில் முடியவில்லை. எனவே ஒரு மறுப்பு எழுதினேன். ஊகம் தவறு, இரண்டாவது மஞ்சள் குழந்தைக்காக அரசியே உரசியது என்றேன். அன்று அவள் மகளையும் அழைத்துப் போயிருந்தாள். கீழ்ப்படியில் பாசி என்பதால் குழந்தையை மேல்படியில் உட்காரவைத்து, பாதத்தில் மஞ்சள் பூசிவிட்டாள். குழந்தை காலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் இனிமேல் கதையில் வரும் என்றும் சேர்த்தேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். டார்லின் பத்து இதயம் போட்டாள்.

சுகிர்தா நான் பெற்ற பிள்ளை இல்லை. என் அக்கா மதுமதியின் மகள். அது அவளுக்கும் தெரியும். அக்காவின் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறவள் அவள்தான். பிரசவம் முடிந்த மூன்றாம் மாதம் அக்கா வேலைக்காகச் சென்னைக்கு, அத்தானிடம் திரும்பிவிட்டாள். பிள்ளை என்னிடம் வளர்ந்தது. அம்மா என்று முதலில் சொன்னது என் முகத்தைப் பார்த்துத்தான். மூன்று வயதானதும், பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று அக்கா வந்தாள். அது நியாயம்தான். நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவும் அம்மாவும் திருச்செந்தூர் போயிருந்தார்கள். ஐப்பசி மாதம். விடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் ஆற்றுக்குப் போனோம். அக்கா கீழ்ப்படியில் மஞ்சள் உரசிக்கொண்டே சிரித்தாள்.

"ஏட்டி, எம்பிள்ளைய வச்சிக்கிட்டு எத்தன நாளைக்கு அம்மா வெளையாட்டு வெளையாடுவ? போதும். சித்தின்னு கூப்பிடப் பழக்கு."

நான் மேல்படியில் உரசிய மஞ்சளில் மீதியைக் குழந்தையின் பாதத்தில் பூசினேன். பிறகு இறங்கிப் போய் அக்காவுக்கு முதுகு தேய்த்துவிட்டேன். அவள் தலைமுழுகக் குனிந்தபோது கழுத்தில் கைவைத்துப் பிடித்துக்கொண்டேன். மருந்து குடிக்க மாட்டேன் என்கிற பிள்ளையைப் பிடித்துக்கொள்வோமே, அப்படித்தான். அதிக நேரம் ஆகவில்லை. மழைத்தண்ணீர் ஓட்டமாக இருந்தது. கையை எடுத்ததும் ஆறே கொண்டுபோய்விட்டது.

வயல் வழியாக வீட்டுக்கு வந்தேன். மஞ்சள் சீக்கிரம் போகாது என்பதால் குழந்தைக்குக் காலுறை மாட்டிவிட்டேன். காய்ச்சல் என்று பிள்ளையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். அக்கா தனியாகப் போனாள், நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தோம் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். சாயங்காலம் எனக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தது. எனவே அதை முழுப் பொய் என்று சொல்லமுடியாது.

வருஷ திதி முடிந்ததும் பெரியவர்கள் அத்தானுக்கு என்னைப் பேசினார்கள். பிள்ளைக்காக என்றார்கள். நானும் பிள்ளைக்காகத்தான் சம்மதித்தேன். அத்தான் நல்ல மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒன்றும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

சின்ன வயதில் சுகிர்தா ஒரு கனவு சொல்வாள். எங்கேயோ படியில் உட்கார்ந்திருக்கிறாளாம், கால் இரண்டும் மஞ்சளாக இருக்கிறதாம். வெறும் கனவுதான் என்று தலையைக் கோதிவிடுவேன். மறுப்பு எழுதியபோது அந்தக் கனவு என் நினைவுக்கு வரவேயில்லை.

நேற்று மத்தியானம் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என்னை எப்போதும் நீ என்றுதான் பேசுவாள்.

"மறுப்பப் படிச்சேன். பிள்ளை ஆத்துல இருந்துச்சுன்னா, பிள்ளைகூடவே இருந்தேன்னு சொன்ன செவிலியும் அங்கனதான இருந்திருக்கணும்?"

கதையில் அதைச் சரிசெய்துவிடலாம் என்றேன்.

"கதைய விடுங்க. எங்கால்ல மஞ்சள் பூசினது யாரு, சித்தி?"

நான்தான் என்றேன். மற்றதையும் சொன்னேன். இன்று காலை முதல் பஸ்ஸில் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். களைப்பாக இருக்கிறது, மேடம். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

சுகிர்தாவை நீங்கள் விசாரிப்பீர்கள். அவள் ஊகம் முழுக்கச் சரி, நான் மறுக்கவில்லை. சித்தி என்ற அந்த ஒரு சொல் மட்டும் தவறு. பெற்றவள் இல்லாமல் ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையை, அன்று இடுப்பில் தூக்கி வீடு சேர்த்தது யார் என்று அவளையே கேட்டுப்பாருங்கள்.