காவல் போட்ட கோடை முகாம்

மேற்கு நோக்கிப் போகும் சிட்னி ரயிலில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி இருந்தார்கள். யூதப் பிள்ளைகளின் கோடை முகாமில் மனைவிக்குப் பிள்ளை பார்க்கும் வேலை என்பது பேச்சில் தெரிந்தது.

“பிள்ளையள் பாட்டுப் படிக்கிற இடத்துக்கு ஏனப்பா துவக்கோட காவல்?” என்றார் கணவர்.

“யூதப் பிள்ளையள் எண்டு மிரட்டுறாங்கள். இண்டைக்கும் மிரட்டல் வந்து, எல்லாரையும் உள்ளுக்க வச்சுப் பூட்டினது.”

“நாளைக்கு நீர் போகவேண்டாம்.”



“ஒரு சின்னப்பிள்ளை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, உங்களுக்குப் பயமோ எண்டு கேட்டவள். இல்லையெண்டு சொன்னனான்.”

“பொய்தானே சொன்னனீர்?”

“ஓம். நாளைக்கு நான் போகாட்டி, அது பொய்யெண்டு அவளுக்குத் தெரிஞ்சிடும்.”

வென்ட்வேர்த்வில் நிலையத்தில் இறங்க எழுந்து நின்றபோதுதான் கணவர் சொன்னார்.

“காலமை ரயில் வேண்டாம். நான் காரில கொண்டுபோய் விடுறன்.”