பூஜ்யம் வரணும்

— ஒயர் மேல இருந்து காலை எடுங்க அத்தான்.

— எடுத்தாச்சு சின்னவளே. உன் அக்கா வெளியில உட்கார்ந்திருக்கா. இன்னையோட தன்னோட ரேடியேஷன் வைத்தியம் முடியுதுன்னு காலையிலேயே எல்லாருக்கும் போன் போட்டுட்டா. உள்ள கூப்பிடட்டுமா?

— வேண்டாம். கதிரை அளக்கற மீட்டர் பூஜ்யத்துக்கு வரல.

— மிஷினே ஓடல. அப்புறம் மீட்டர்ல என்ன வருது?

— அதைத்தான் நானும் கேக்கறேன். கதிர் இல்லாதப்போ கரண்ட்டே வரக்கூடாது. வருது.

— எவ்வளவு?

— துளியூண்டு. ஆனா கதிர் விட்டாலும் இந்த மீட்டருக்கு வர்ற கரண்ட் துளிதான். அதுல இது நூத்துக்கு ஆறு பங்கு.

— அட விடும்மா. கடுகத்தனை கரண்ட்டுக்கு இவ்வளவு கூத்தா?

— கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. ஏசியை நிறுத்துங்க. காத்துல ஒயர் ஆடினாக்கூடப் பொய்க் கரண்ட் காட்டும்.

— நிறுத்திட்டேன். பன்னிரண்டு வருஷமா இந்த மிஷினை ஓட்டறேன். நேத்து வரைக்கும் நீயும் ஒண்ணும் சொல்லல.

— நேத்து வரைக்கும் பாக்கல அத்தான். கூட்டம் தாங்கலன்னு நேரா கதிரை விட்டுத்தான் அளந்தேன். இன்னைக்கு அக்காவுக்குக் கடைசி நாளாச்சேன்னு எல்லாத்தையும் முழுசா சோதிச்சேன்.

— சரி, இப்ப என்ன செய்யணும்?

— அசையாம நில்லுங்க. அஞ்சு நிமிஷத்துல அடங்கணும்.

— ஆறு நிமிஷம் ஆச்சு.

— அடங்கல. அலமாரியில பிரிக்காத ஒயர் இருக்கு, குடுங்க. முனையைத் தொடாதீங்க, விரல் பிசுக்கு பட்டாலே போச்சு.

— இந்தா.

— மாட்டிட்டேன்... பூஜ்யம். அத்தான், பூஜ்யம் வந்துடுச்சு.

— அப்பாடா. அவளைக் கூப்பிடறேன்.

— உட்காருங்க.

— ஏன் உன் முகம் இப்படிச் செத்துப் போச்சு?

— பழைய ஒயர்ல கசிவு. மூணு வாரம் முன்னாடி மிஷின் ஆறு பங்கு கூடுதலா விடுதுன்னு நான்தானே குறைச்சு வச்சேன்? கூடுதலே இல்ல. கசிவையும் சேர்த்துக் கதிர்னு எண்ணியிருக்கேன். சரியா இருந்ததைக் குறைச்சுட்டேன்.

— அப்போ அவளுக்கு?

— பதினஞ்சு நாளா குறைச்சுத்தான் போயிருக்கு. கூட்டிப் பாத்தா ஏறக்குறைய ஒரு நாள் வைத்தியமே நடக்காத மாதிரி. அவளாவது இங்க இருக்கா. முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போனவங்க ஒன்பது பேர்.

— சத்தமில்லாம சரி பண்ண முடியாதா?

— முடியாது. டாக்டர்கிட்ட இப்பவே போறேன். சோதிக்காம விட்டது என் தப்பு, அதை நானே எழுதிக் குடுத்துடுவேன். ஆனா ஒயர் எப்படிக் கெட்டுச்சுன்னும் எழுதணும். பழைய ஒயரோட இந்தப் பிளக்குக்குள்ள பாருங்க, வெள்ளையா பூத்திருக்கு. சோப்புத் தண்ணி காஞ்ச தடம்.

— சோப்பா?

— ஆமா. பெருக்கித் துடைக்கிற அம்மாவைத்தான் விசாரிக்கணும்.

— அந்தம்மாவை விட்டுடு.

— ஏன்?

— நாலு வாரம் முன்னாடி உன் அக்காவுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அன்னைக்கே பயந்துட்டேன். இனி ஒரு கிருமியும் அவளை அண்டக்கூடாதுன்னு, தினமும் அவ வர்றதுக்கு முன்னாடி ரூமை மூலை முடுக்கு விடாம சோப்புத் தண்ணியில நான்தான் துடைச்சேன். அந்தப் பிளக்கையும் விடல.